சபாரத்தினத்தாரின் ஹோட்டல்

டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் இருந்த தமிழர்களில் பாதிப் பேருக்கு அந்த ஹோட்டலின் குளியலறை தங்கள் சொந்தக் குளியலறையைவிட நன்றாகத் தெரியும். போய்ப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. எல்லாம் சபாரத்தினம் சொல்லிக் கேட்டதுதான். துவாய்கள் ஆறு, அதில் காலுக்கு எது, முகத்துக்கு எது. கட்டிலில் தலையணை ஐந்து, அதில் தலைக்கு எது, சும்மா பார்ப்பதற்கு எது. காலையில் முட்டையை எத்தனை விதமாகக் கேட்டு வாங்கலாம் என்பதெல்லாம் 1986ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அந்தச் சின்ன ஊரில் மனப்பாடமாகியிருந்தது. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற, மழையைத் தவிர வேறு புதினம் இல்லாத ஊரில் அதுவும் ஒரு பொதுச்சேவைதான் என்று சொல்ல வேண்டும். மனிதர் அங்கே தங்கியது மூன்று நாள். சொல்லி முடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது.

அவரையும் குறை சொல்ல முடியாது. நாற்பத்திரண்டு வயதுவரைக்கும் அவரை ஒருவரும் விருந்தினர் என்று மரியாதை செய்ததில்லை. அந்த ஹோட்டல் இருந்த வளைகுடா நகரத்தில் முன்னர் ஆறு வருடம் இருந்தவர்தான். அப்போது அவர் குளிரூட்டி திருத்துகிறவர். ஊரையெல்லாம் குளிரவைத்துவிட்டு, தான் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே எட்டுப் பேரோடு ஓர் அறையில் வேர்த்து ஒழுகியவர். ஒவ்வொரு நாள் காலையும் கம்பனி லொறியின் பின்பக்கத்தில் குந்தியிருந்தபடி அந்த ஹோட்டலைக் கடந்து போவார். வாசலில் நீரூற்று, இரண்டு வரிசைப் பேரீச்ச மரம், தலைப்பாகை கட்டிய காவலாளி. லொறியில் இருந்தவர்கள் ஒருவரும் அதைப் பார்த்து ஆசைப்படவில்லை. ஆசைப்படுவதற்கும் ஓர் அளவு வேண்டுமல்லவா.

அந்த ஆறு வருடமும் அவருடைய பாஸ்போட் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். உண்மையிலேயே நல்ல பாதுகாப்புத்தான். தாய் கடுமையாய்க் கிடக்கிறா என்று தந்தி வந்து, ஊருக்குப் போக அதைக் கேட்டபோது, முதலாளி வெளிநாடு போயிருக்கிறார், திறப்பு அவரிடம் என்றார்கள். முதலாளி திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது தாய் செத்து, எட்டாம் நாள் எட்டுச்செலவும் முடிந்துவிட்டது. இனி என்னத்துக்கு என்று சபாரத்தினம் வேலைக்கே போய்விட்டார். முதலாளியும் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஒப்பந்தம் முடிந்தது எண்பத்து நாலாம் ஆண்டு. நாடு இருந்த நிலையில் கொழும்புக்குப் போகிற விமானத்தில் ஏற அவருக்கு மனமில்லை. கிழக்கு பெர்லினுக்குப் போகிற விமானத்தில் ஏறி, அங்கிருந்து ரயிலும் கப்பலுமாக டென்மார்க்கில் வந்து இறங்கினார். அங்கே ஒரு பொலிஸ் அதிகாரி அவருடைய பெயரை நாலு தரம் கேட்டார். நாலாம் தரம் கேட்டபோது, அது தன்னுடைய பெயர்தானா என்று சபாரத்தினத்துக்கே ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. எங்கே பிறந்தாய், அதற்கு என்ன அத்தாட்சி. யாருக்குப் பயப்படுகிறாய், அதற்கு என்ன அத்தாட்சி. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட ஒருவரும் முதல் தரத்தில் நம்பவில்லை. எட்டு மாதம் கழித்து ஒருவழியாக நம்பி, ஒரு நீலப் பயணப் புத்தகம் கொடுத்தார்கள்.

அன்று முதல் அந்தப் புத்தகம் அவருடைய உடம்பின் ஓர் உறுப்பாயிற்று. தொழிற்சாலையில் சேட்டுப் பொக்கற்றில், படுக்கையில் தலைமாட்டில். பேணிப் பாதுகாத்ததற்குக் காரணமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவி யோகம்மாவையும் ஒன்பது வயது மகளையும் கூப்பிட அனுமதி வந்துவிட்டது. ஒக்டோபர் பதினாலாம் திகதி அவர்களுக்கு விமானம். அந்தப் புத்தகமும் அதன் சொந்தக்காரரும் டென்மார்க்கில் இருந்தால்தான் அந்த அனுமதிக்கு உயிர்.

இப்படிப்பட்ட மனிதர் அந்தப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு, விட்டால் போதும் என்று ஓடிவந்த நகரத்துக்கே ஏன் திரும்பிப் போனார் என்றால், அதற்கு டாம்கோர் காரணம். டாம்கோர் என்பவர் இக்காஸ்டில் ஒரு சின்னப் பின்னலாடைத் தொழிற்சாலை வைத்திருந்தார். நாற்பது தொழிலாளர்களோடு ஒரே மேசையில் இருந்து கறுத்தப் பாணும் மீனும் தின்பவர். முதலாளி என்று அழைத்தால் கோபித்துக்கொள்வார், சம்பளம் கூட்டிக் கேட்டால் மட்டும் முதலாளியாகிவிடுவார். அந்த வருடம் அவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. வளைகுடா ஹோட்டல்களில் வேலைக்காரர்கள் எல்லோரும் சீருடை போடுவார்கள், அந்தச் சூட்டுக்குப் பருத்திப் பின்னல் சேட்டைவிட நல்லது உண்டா என்று யோசித்துப் பத்து ஹோட்டலுக்குக் கடிதம் போட்டார். ஒரு ஹோட்டல் பதில் எழுதியது. வந்து தங்குங்கள், பேசுவோம், விசாவுக்கும் நாங்களே பொறுப்பு என்று. நீரூற்றும் பேரீச்ச மரமும் உள்ள அதே ஹோட்டல்.

கோப்பி இடைவேளையில் டாம்கோர், இங்கே யாருக்காவது அரபு தெரியுமா என்று கேட்டார். சபாரத்தினம் கையை உயர்த்தினார். அவருக்குத் தெரிந்த அரபு நாற்பது சொல். அதில் முப்பது, கெதியாய்ச் செய், வேகமாய்ச் செய் என்பதன் பல வடிவங்கள். மிச்சம் பத்தும் குளிரூட்டியின் பாகங்கள். ஆனால் கை உயர்ந்துவிட்டது. காரியம் சரிவந்தால் அவரைப் பின்னல் பகுதிக்கு மேற்பார்வையாளர் ஆக்குவதாக டாம்கோர் சொன்னார். அது கைக்குப் பிறகு வந்த காரணம். அந்த வாசலால் ஒருக்கால் நடந்து உள்ளே போக வேண்டும் என்பதுதான் முதல் காரணம். பக்கத்து நகரமான ஹெர்னிங்கில் மலிவு விற்பனையில் கறுத்தத் தோல் சப்பாத்துச் சோடி ஒன்று வாங்கினார். அவருடைய அளவு முடிந்துவிட்டதால் ஒரு அளவு பெரிதாக வாங்கினார்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் போய் இறங்கினார்கள். முன்னொரு காலத்தில் அவரை வரிசையாய் நிலத்தில் குந்தவைத்த அதே விமான நிலையம், ஹோட்டலின் கடிதத்தைக் கண்டதும் எழும்பி நின்று வழிவிட்டது. வெளியே வெள்ளை உடுப்புக்காரன் ஒருவன் அவருடைய பெயர் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெயரை ஒருதரம்தான் கேட்டான். கார் நீரூற்றைச் சுற்றிப்போய் நின்றது, தலைப்பாகைக்காரர் கதவைத் திறந்தார், பளிங்குத் தரையில் இருந்து குளிர் ஏறியது. சபாரத்தினத்தின் காது மட்டும் பழைய வேலையை விடவில்லை. எங்கோ ஒரு கொம்பிரசர் இழுக்கிறது, மூன்று மாதத்தில் போய்விடும் என்று அது அவருக்குச் சொன்னது. விருந்தினருக்கு ஏன் அந்தக் கவலை என்று அவர் அதை அடக்கினார்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் புன்னகையோடு கையை நீட்டினார். உங்கள் விசாவுக்கு நாங்கள் பொறுப்பு என்பதால் போகும்வரை பாஸ்போட் எங்களிடம் இருக்கும், எல்லாம் பாதுகாப்புக்காக என்றார். டாம்கோர், பேப்பர்க்காரனிடம் பழைய பேப்பரைக் கொடுப்பதுபோலத் தன்னுடையதை எடுத்து நீட்டினார். சபாரத்தினத்துக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. பெட்டிக்குள் அடியில் இருக்கிறது, பிறகு கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அறைக்குள் ஆறு துவாயையும் ஐந்து தலையணையையும் பார்த்து மகிழ வேண்டிய மனிதர், புத்தகத்தை ஒளிக்க இடம் தேடினார். அலுமாரிக்குள் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருந்தது. அதற்கு ஹோட்டலிடம் இன்னொரு திறப்பு இருக்கும். இரும்புப் பெட்டிகளைப் பற்றி அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பொக்கற்றில் வைத்தால் மேசையில் நின்றவன் கண்டு கேட்பான். கடைசியில் இடது சப்பாத்தின் உள்தோலைக் கிளப்பி, புத்தகத்தை அதற்குக் கீழே செருகிவிட்டுக் காலைப் போட்டுப் பார்த்தார். ஒரு அளவு பெரிய சப்பாத்து அல்லவா, இடம் இருந்தது. கீழே இருந்து இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார்கள். இரண்டு தரமும், தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

அடுத்தநாள் முழுக்க நொண்டினார். அரச முத்திரை குத்திய தடித்த மட்டையை மிதித்துக்கொண்டு நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. காலில் என்ன என்று டாம்கோர் கேட்டார். பழைய காயம் என்றார் சபாரத்தினம். நாட்டில் நடந்த சித்திரவதையாக்கும் என்று எண்ணிய டாம்கோர், அதற்குப் பிறகு கண்ணியமாக மெல்ல நடந்தார். காலையில் ஹோட்டலின் கொள்முதல் அதிகாரியைச் சந்தித்தார்கள். அவர் ஒரு மலையாளி. ஆங்கிலத்தில் தொடங்கி ஆங்கிலத்திலேயே முடித்தார். நாற்பது அரபுச் சொல்லும் சபாரத்தினத்தின் வாய்க்குள்ளேயே பத்திரமாக இருந்தன. மாதிரிச் சேட்டுகள் பிடித்துப்போயின. நாளைக்குக் கையெழுத்து என்றார் மலையாளி.

மத்தியானம் மேசை நீளத்துக்குச் சாப்பாடு. அதைச் சபாரத்தினம் இக்காஸ்டில் விவரித்த விதத்தை இங்கே எழுதினால் இடம் போதாது. சாப்பிட்டு முடித்து மேலே வந்தபோது இடது உள்ளங்கால் நெருப்பாய் எரிந்தது. அறை வாசலில், கதவைத் திறக்க முன்னமே, இரண்டு சப்பாத்தையும் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்தார். ஊரிலும் அப்படித்தான். இக்காஸ்டில் அவர் இருந்த மாடிக் கட்டடத்திலும் அப்படித்தான். அங்கே தமிழனும் டேனிஷ்காரனும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் சப்பாத்தை வாசலில் விடுவது. அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. கால் தன்பாட்டில் செய்தது. வலி விட்டதும் நினைவும் விட்டது. மெத்தையில் விழுந்து, ஐந்து தலையணைக்கு நடுவில், ஆறு வருடமும் அந்த நகரத்தில் தூங்காத தூக்கம் ஒன்றைத் தூங்கினார்.

மூன்றரை மணிக்கு விழித்துக் கதவைத் திறந்தால் வாசலில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் சப்பாத்துக்குள் என்ன இருந்தது என்ற நினைவு வந்தது. அந்தப் புத்தகம் இல்லாமல் அவர் டென்மார்க்குக்கும் போக முடியாது, வேறெங்கும் போக முடியாது. யோகம்மாவும் பிள்ளையும் கொப்பன்ஹேகனில் வந்து இறங்கும்போது அவர் இங்கே ஏதோ ஒரு மறியலில் பூட்டப்பட்டிருப்பார். குளியலறைக்குள் கிடந்த வெள்ளைத் துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பளிங்கு மண்டபத்தில், கோட்டும் சூட்டும் போட்டவர்கள் நடுவில் ஓடினார்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் பதறவில்லை. வாசலில் வைக்கிற சப்பாத்தை எடுத்துப் பொலிஷ் பண்ணித் தருவது எங்கள் வழக்கம், சார் என்றார். ஐந்து நிமிடத்தில் சப்பாத்து ஒரு துணிப்பையில் வந்தது. முகம் பார்க்கலாம்போல மினுங்கியது. சபாரத்தினம் அந்த இடத்திலேயே இடது சப்பாத்துக்குள் கையை விட்டு உள்தோலைக் கிளப்பினார். ஒன்றும் இல்லை. வலதுக்குள்ளும் பார்த்தார். அதற்குள் என்ன இருக்கப் போகிறது.

"களவு போயிட்டுது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பொலிஷ் பண்ணினவன் என்ரை பாஸ்போட்டை எடுத்துப்போட்டான்."

ஒருவரும் அத்தாட்சி கேட்கவில்லை. சப்பாத்துக்குள் பாஸ்போட்டுக்கு என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை. நாலு தரம் கேட்கவில்லை. ஒருதரம் சொன்னார், நம்பினார்கள். வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் அலுவலக மேசைக்கு முன்னால் அவருடைய சொல் அப்படியே எடுபட்டது. காவல் பிரிவைச் சேர்ந்த இரண்டு பேர் படியிறங்கிக் கீழே போனார்கள். சபாரத்தினத்தை மெத்தென்ற கதிரையில் இருத்தி, குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் நீலப் புத்தகம் ஒரு வெள்ளித் தட்டில், மடித்த கைத்துண்டின்மேல் வந்து சேர்ந்தது. பொலிஷ் பண்ணுகிறவனின் சேட்டுப் பொக்கற்றுக்குள் இருந்ததாம். மிகவும் வருந்துகிறோம், இனி இது உங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். ஓர் அரை மணி நேரத்துக்கு முன் செத்துப் பிழைத்த மனிதர், அன்று பின்னேரம் அறைக்குள் வந்த பழத்தட்டில் இருந்த திராட்சைப் பழங்களை ஒன்று விடாமல் தின்றார். பெரிய இடம் என்றால் பெரிய இடம்தான் என்று டாம்கோரிடம் இரண்டு தரம் சொன்னார்.

மறுநாள் காலை கையெழுத்து வைக்கப் போன இடத்தில் மலையாளி அதிகாரி, உங்கள் நாட்டு ஆள்தானாம் அந்தப் பொலிஷ்காரன், தமிழன், பத்து மணிக்கு அனுப்புகிறோம் என்றார். எங்கே என்று கேட்டார் சபாரத்தினம். கொழும்புக்கு என்றார் மலையாளி. கண்டெடுத்த பொருளை ஒரு மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்பது விதி, பொக்கற்றில் வைத்திருந்தால் களவு, களவுக்கு அன்றே வேலை போய்விடும், விசாவும் போய்விடும் என்று அவர் விளக்கமாகச் சொல்லிக்கொண்டே சேட்டின் அளவுகளை எழுதினார்.

அந்த வருடம் கொழும்பு விமான நிலையத்தில் தனியாய் வந்து இறங்குகிற தமிழ் இளைஞனுக்கு என்ன நடக்கலாம் என்று சபாரத்தினத்துக்குத் தெரியும். அதைத்தான் அவர் டேனிஷ் பொலிஸுக்கு எட்டு மாதமாக விளக்கியிருந்தார். அவர் எழும்பி நேரே முகாமையாளரின் அறைக்குப் போனார். இதை அவருடைய கணக்கில் எழுதத்தான் வேண்டும். வெட்கத்தை விட்டுப் போனார். பாஸ்போட்டைச் சப்பாத்துக்குள் ஒளித்தது நான், வாசலில் விட்டது நான், களவு என்று சொன்னதும் அவசரத்தில் நான் விட்ட பிழை, அந்த மனிதன் எடுக்கவில்லை என்று தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கொட்டினார்.

முகாமையாளர் ஒரு வயதான ஐரோப்பியர், பஞ்சுபோன்ற குரல். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழும்பி வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எங்கள் விருந்தினர் பிழை விடுவதில்லை, மிஸ்டர் சபாரத்தினம்," என்றார்.

அவ்வளவு பெரிய மனது உங்களுக்கு, வேலைக்காரனுக்காக வந்து பேசுகிறீர்கள், ஆனால் நீங்கள் மனவருத்தப்படக் கூடாது, எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று என்று வாசல்வரை கூட்டிவந்து விட்டார். சபாரத்தினம் குற்றவாளி நானே என்று மூன்றாம் தரமும் சொல்லிப் பார்த்தார். நேற்று அவர் சொன்ன பொய்யை ஒரே சொல்லில் நம்பிய இடம், இன்று அவர் சொன்ன உண்மையைக் கேட்டு அவருக்கு ஓர் அத்தர்ப் புட்டியைப் பரிசாகக் கொடுத்தது. வெளியே டாம்கோர் நின்றார். கையெழுத்து முடியும்வரை இதைக் கிளறாதே, சபா, நாற்பது குடும்பம் இருக்கிறது என்று டேனிஷில் மெல்லச் சொன்னார். அதுவும் பொய்யில்லை.

ஹோட்டலின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கும் சலவைப் பகுதிக்கும் நடுவில் வேலையாட்களின் வாசல். சபாரத்தினம் நேரே அங்கே போனார். முன்வாசலில் இருந்த பளிங்கு இங்கே இல்லை, வெயில் மட்டும் கொஞ்சமும் குறையாமல் இருந்தது. ஒரு வான் வண்டி நின்றது. அதன் பக்கத்தில் சின்னப் பெட்டியோடு முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். சீருடையைத் திரும்ப வாங்கிவிட்டார்கள், அதில் குத்துகிற பெயர்த்தகட்டை வாங்க மறந்துவிட்டார்கள், அது அவருடைய கையில் இருந்தது. தேவராசா என்று எழுதியிருந்தது. வானுக்குப் பக்கத்தில் நின்ற காவலாளி, கோட்டுப் போட்ட விருந்தினரைக் கண்டதும் மரியாதையாய் நாலு அடி விலகினான்.

சபாரத்தினம், எடுத்ததை ஏன் உடனே மேசையில் கொடுக்கவில்லை என்று கேட்டார். கேட்ட குரலில் இன்னும் கொஞ்சம் விருந்தினர் இருந்தார்.

தேவராசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணை, குடுத்தா அவங்கள் வாங்கிப் பூட்டி வைச்சிடுவாங்கள் எண்டுதானே நீங்கள் சப்பாத்துக்கை வைச்சனீங்கள். பாத்த உடனை எனக்கு விளங்கிச்சுது. அதுதான் ஒருத்தருக்கும் காட்டாமல், வேலை முடிய மேலை வந்து உங்கடை கையிலை தருவம் எண்டு வைச்சிருந்தனான்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். அந்த நகரம் முழுவதிலும் சபாரத்தினத்தின் பயத்தைக் கண்டுபிடித்து மதித்த ஒரே மனிதனை அவர் கள்ளன் என்று சொல்லிவிட்டார். மன்னித்துக்கொள்ளும் தம்பி என்றார். எழுதிக் கொடுக்கட்டோ என்றார். முகாமையாளரிடம் போனதைச் சொன்னார், அவர் சொன்னதையும் சொன்னார்.

தேவராசா தன்னுடைய பொக்கற்றில் இருந்து ஒரு பாஸ்போட்டை எடுத்துப் படப் பக்கத்தை விரித்துக் காட்டினார். "நாலு வரியத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் இதைக் கண்ணாலை பாக்கிறன்," என்றார். "படத்திலை நான் நல்ல குண்டாய் இருக்கிறன், என்ன?"

சாரதி கதவைச் சாத்தினார். வான் போய்விட்டது. பின்னேரம் டாம்கோரும் சபாரத்தினமும் முன்வாசலால் புறப்பட்டார்கள். நீலப் புத்தகம் நெஞ்சுப் பொக்கற்றில் இருந்தது. அவர் இப்போது நொண்டவில்லை.

பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒப்பந்தம் கிடைத்தது, தொழிற்சாலை தப்பியது. சபாரத்தினம் மேற்பார்வையாளரானார், வெள்ளை மேலங்கியின் பொக்கற்றில் மூன்று பேனை குத்திக்கொண்டு பின்னல் இயந்திரங்களுக்கு நடுவில் நடந்தார். ஒக்டோபர் பதினாலாம் திகதி யோகம்மாவும் மகளும் வந்து இறங்கினார்கள். அந்த மாதத்திலேயே டென்மார்க் தன்னுடைய அகதிச் சட்டத்தை இறுக்கி, பின்னால் வருகிறவர்களுக்கு வழியைச் சுருக்கிக்கொண்டது. வந்து சேர்ந்தவர்கள், தப்பினோம் என்று பெருமூச்சு விட்டு, சுருக்கியது சரிதான் என்று கதைக்கவும் தொடங்கியிருந்தார்கள்.

வந்த கிழமையே யோகம்மாவுக்குச் சபாரத்தினம் முழுவதையும் சொன்னார். ஒருநாள் சொன்னார், ஒரே தரம் சொன்னார். மற்றவர்களுக்குச் சொன்ன கதை வேறு. அது நல்ல பகிடியான கதை. நொண்டியது, டாம்கோர் மரியாதையாய் மெல்ல நடந்தது, வெள்ளைச் செருப்போடு மண்டபத்தில் ஓடியது, புத்தகம் வெள்ளித் தட்டில் வந்தது. அதோடு முடியும். சிரித்துச் சிரித்து ஆட்களுக்கு வயிறு நோகும். கூட்டம் முடிந்து போகும்போது, சபாரத்தினத்தாரின் ஹோட்டலுக்கு நாங்களும் ஒருக்காப் போகவேணும் என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் பக்கத்து நகரமான சில்க்போர்க்கில் இருந்து ஆனந்தராஜா வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற, அதிகம் கதைக்காத மனிதர். ஹோட்டல் கதையை அவர் இன்னும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் சபாரத்தினத்துக்கு முகம் மலர்ந்தது. துவாயில் தொடங்கி, முட்டைக்கு வந்து, சப்பாத்தைத் தாண்டி, வெள்ளித் தட்டில் கொண்டுவந்து முடித்தார். ஆனந்தராஜா சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

தேத்தண்ணி கொண்டுவந்த யோகம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். "மிச்சத்தையும் சொல்லுங்கோ," என்றாள்.

மிச்சம் ஒன்றும் இல்லை என்றார் சபாரத்தினம். யோகம்மா அசையவில்லை. அவள் நிற்கிற விதத்தைப் பார்த்தால், சொல்லாமல் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க முடியாது என்று தெரிந்தது. சபாரத்தினம் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முகாமையாளரை, அத்தர்ப் புட்டியை, பின்வாசலை, வானை எல்லாம் சொன்னார். பகிடி இல்லாமல் சொன்னால் அந்தக் கதை மிகவும் சின்னக் கதை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஆனந்தராஜா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "கொழும்பிலை பிடிபட்டாரோ, தப்பி வீட்டை போனாரோ, விசாரிச்சா அறியலாம்," என்றார். "எங்கடை ஆக்கள் எல்லா ஊரிலையும் இருக்கினம். ஆளின்ரை ஊர் எது?"

யாழ்ப்பாணத்தார் இருவர் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்தாலும், பெயருக்கு முன்னால் வருகிற கேள்வி அது. சபாரத்தினமும் அதைக் கேட்காத இடமில்லை. கிழக்கு பெர்லின் ரயிலில் கேட்டிருக்கிறார், கப்பலில் கேட்டிருக்கிறார், டேனிஷ் பொலிஸ் நிலையத்து வாங்கில் பக்கத்தில் இருந்து அழுதவனிடம் அழுகை நிற்க முன்னமே கேட்டிருக்கிறார். அந்தப் பின்வாசலில், மினுங்குகிற சப்பாத்தோடு, பத்து நிமிடம் நின்று கதைத்திருக்கிறார். தேவராசா என்ற பெயரில் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு இரண்டு பேர் இருப்பார்கள்.

"கேக்கேல்லை," என்றார் சபாரத்தினம்.

ஆனந்தராஜாவுக்குச் சரியாகக் கேட்கவில்லைபோல இருந்தது. யோகம்மாதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊர் கேக்காமலோ வந்தனீங்கள்?" என்றாள்.

அவர் ஓம் என்று தலையை ஆட்டினார்.